காலையில் புளிக்கும் இலை

எங்கள் அப்பாயி வீட்டுக் கிணற்றடியில் ரணகள்ளி புதராக மண்டிக் கிடக்கும். ஊரில் யாரும் அதை ரணகள்ளி என்று சொல்ல மாட்டார்கள். ‘கட்டிப்போட்டால் குட்டிபோடும்’ என்பதுதான் அதற்குப் பெயர். ஒரு இலையைப் பறித்து நூலில் கட்டி உத்தரத்தில் தொங்கவிட்டால் போதும். கொஞ்ச நாளில் இலை ஓரத்து வெட்டுகளிலிருந்து குட்டிச் செடிகள் எட்டிப் பார்க்கும். மெல்லிய வேர்கூட விடும். மண் கிடையாது, தண்ணீர் கிடையாது. அது எதைக் குடித்து வளர்கிறது என்று எட்டு வயதில் நான் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நிற்பேன்.

பொறையாருக்கும் தரங்கம்பாடிக் கடலுக்கும் நடுவில் இருக்கிறது அந்த ஊர். ஒரு கோடை விடுமுறையில், விடியற்காலை பல் துலக்கப் போன இடத்தில் அந்த இலையில் ஒரு துணுக்கைக் கடித்துப் பார்த்தேன். புளியாரை போலச் சுள்ளென்று புளித்தது. சித்தப்பா மகனிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அண்ணன் என்னைவிட மூன்று வயது மூத்தவர். காலையில் பால் ஊற்றிவிட்டு, வயலுக்குப் போய்விட்டு, உச்சிவெயிலில்தான் வீடு திரும்புவார். வந்ததும் ஒரு இலையைப் பறித்துக் கடித்தார்.

“எங்க புளிக்குது? ஒரு ருசியும் இல்ல. பொய் சொல்ற நீ.”

மறுநாள் காலை நான் மறுபடி கடித்தேன். புளித்தது. மத்தியானம் அவர் மறுபடி கடித்தார். புளிக்கவில்லை. மூன்றாம் நாள் இருவரும் கிணற்றடியில் நின்று சண்டை போட்டோம். அப்பாயி வந்து இரண்டு பேர் கையிலிருந்த இலையையும் பிடுங்கி எறிந்தார். “கன்னுக்குட்டி தின்னாலே ஆவாது, உங்களுக்கு எதுக்கு இந்தச் சண்டை?” என்றார். கால்நடைகளுக்கு அந்த இலை நஞ்சு என்பது பிற்பாடு நான் படித்துத் தெரிந்துகொண்டது. அப்பாயிக்கு அது படிக்காமலே தெரிந்திருந்தது. ஆனால் எங்கள் வழக்கு தீரவில்லை. நான் பொய்க்காரி என்ற பட்டம் அந்தக் கோடை முழுவதும் என்மேல் இருந்தது.

1985-ல் மாயவரத்தில் தாவரவியல் படிக்கச் சேர்ந்தேன். முதல் ஆண்டுச் செய்முறை வகுப்பில் ரியோ இலையைக் கொடுத்தார்கள். மேலே பச்சை, அடியில் கத்திரிப்பூ நிறம். இலையை ஒடித்து மெல்ல இழுத்தால் அடிப்பக்கத்துத் தோல் கண்ணாடித்தாள் போல உரிந்து வரும். அதைச் சிலைடில் ஒரு சொட்டு நீரில் வைத்து, கவர்ஸ்லிப்பை மூடி, மைக்ராஸ்கோப்பில் பார்க்க வேண்டும். தரையில் ஓடு பதித்ததுபோல் செல்கள் ஒன்றையொன்று நெருக்கி நின்றன. ஒவ்வொன்றிலும் விளிம்பு முட்ட ஊதா நீர்.

பிறகு கவர்ஸ்லிப்பின் ஓரத்தில் உப்புக் கரைசல் ஒரு சொட்டு விட்டு, எதிர்ப்பக்கம் வடிதாளை வைத்து உறிஞ்சச் சொன்னார் பேராசிரியர். நான் கண்ணை எடுக்கவில்லை. நிறம் மூலைகளிலிருந்து விலகத் தொடங்கியது. சுவர் அப்படியே நின்றது. உள்ளே இருந்த ஊதா மட்டும் சுருங்கிச் சுருங்கி நடுவில் ஓர் உருண்டையாக ஒடுங்கிற்று. ஒடுங்க ஒடுங்க நிறம் அடர்ந்தது. அடுத்து உப்பை வடித்துவிட்டு மீண்டும் நல்ல நீர் விட்டோம். உருண்டை தயங்கித் தயங்கி விரிந்து, பழையபடி சுவரில் போய் முட்டியது. இலையிலிருந்து உரித்தெடுத்த அந்தத் துண்டுக்கு இன்னும் உயிர் இருக்கிறது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

“நீங்கள் பார்ப்பது வாக்குவோல்” என்றார் பேராசிரியர். “வெறுமை என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. 1841-ல் டுஜார்டின் என்ற பிரெஞ்சுக்காரர் வைத்த பெயர். நுண்ணுயிர்களுக்குள் அவர் அதைப் பார்த்தபோது உள்ளே ஒன்றும் தெரியவில்லை. அடுத்த ஆண்டு ஷ்லைடன் அதைச் செடியின் செல்லுக்கும் கொண்டுவந்தார்.”

எங்கள் பள்ளிப் புத்தகத்தில் அது நுண்குமிழி. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தோழி மன்னாரிலிருந்து குடும்பத்தோடு தப்பி வந்தவள். பள்ளிப் படிப்பை அங்கேயே முடித்தவள். அவள் மெதுவாகச் சொன்னாள்: “எங்கட புத்தகத்தில இதுக்குப் புன்வெற்றிடம் எண்டு பேர். செல்லுக்குக் கலம்.”

கலம் என்ற சொல் என்னைப் பிடித்துக்கொண்டது. எங்கள் ஊரில் கலம் நெல்லுக்கு அளவு. பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம். கலம் என்றால் பாத்திரமும்தான். பாத்திரத்துக்கு உள்ளே வெற்றிடம் இருந்தால்தானே அதில் ஏதாவது போட்டு வைக்க முடியும்? அவளிடம் அதைச் சொன்னேன். அவள் சிரித்துவிட்டு, ரெக்கார்டு நோட்டில் வரைந்திருந்த செல்லின் நடுவே, எல்லோரும் வெள்ளையாக விட்டுவைக்கும் அந்த இடத்தில், ‘புன்வெற்றிடம்’ என்று எழுதினாள்.

எத்தனை பெரிய இடம் அது! வளர்ந்த ஒரு தாவரச் செல்லின் கொள்ளளவில் 90 சதவீதம்வரை அந்தக் குமிழியே எடுத்துக்கொள்ளும். உட்கரு, பசுங்கணிகம், சைட்டோபிளாசம் என்று நாம் பெயர் மனப்பாடம் செய்கிற எல்லாமும் சுவரோரமாக மெல்லிய ஏடாக ஒட்டிக்கொண்டிருக்கும். வீடு முழுவதும் குளம், வசிப்பவர்கள் திண்ணையில்.

செடி ஏன் இப்படிக் கட்டிக்கொண்டது என்பதற்கு ஒரு சிக்கனக் கணக்கு இருக்கிறது. வெயில் வேண்டுமென்றால் இலை அகல வேண்டும். தண்ணீர் வேண்டுமென்றால் வேர் நீள வேண்டும். அந்தப் பரப்பையெல்லாம் புரதத்தால் நிரப்ப வேண்டுமென்றால் செடிக்குக் கட்டுப்படியாகாது. நைட்ரஜன் அரிய சரக்கு. தண்ணீர் அவ்வளவு அரிதல்ல. அதனால் செல்லின் நடுவில் ஒரு பையை வைத்து நீரால் நிரப்பிப் பெரிதாகிறது. அந்தப் பையின் சவ்வுக்கு டோனோபிளாஸ்ட் என்று 1885-ல் பெயர் வைத்தவர் டச்சுத் தாவரவியலாளர் ஹியூகோ டி விரீஸ். சவ்வுக்குள் உப்புகளும் சர்க்கரையும் அமிலங்களும் சேரச் சேர, நீர் தானாக உள்ளே வரும். உள்ளே வந்த நீர் சுவரை நெட்டித் தள்ளும். காருக்கு அடிக்கும் காற்றைவிட இரண்டு மூன்று மடங்கு அழுத்தம் பல செடிகளின் செல்லுக்குள் இருக்கிறது. கீரைத்தண்டு எலும்பில்லாமல் நிமிர்ந்து நிற்பது இந்த விறைப்பினால்தான்.

அதற்கப்புறம் எங்கள் வீட்டுச் சமையலறையே எனக்கு வேறாகத் தெரிந்தது. அம்மா வதங்கிய கீரைக்கட்டில் தண்ணீர் தெளித்து ஈரத்துணியில் சுற்றி வைப்பார். சாயங்காலம் அது நிமிர்ந்திருக்கும். மாவடுவை உப்பில் குலுக்கி வைத்தால் மறுநாள் சாடியில் தண்ணீர் ஊறி நிற்கும். வடு தோல் சுருங்கிக் கிடக்கும். நாங்கள் ஊற்றாத தண்ணீர் அது. வடுவின் குமிழிகளிலிருந்து உப்பு வாங்கியது. ரியோ இலையில் ஒரு சொட்டு உப்பு செய்ததை அந்தச் சாடியில் ஒரு படி உப்பு செய்துகொண்டிருந்தது.

பீட்ரூட்டை நறுக்கிக் கழுவினால், வெட்டுப்பட்ட செல்களின் சாயம் முதல் தண்ணீரில் போய்விடும். அதற்குப் பிறகு பச்சைத் தண்ணீரில் போட்டு வைத்தாலும் அவ்வளவாகச் சிவக்காது. அடுப்பில் வைத்துச் சூடேற்றினால் சட்டி முழுக்கச் சிவப்பு. சூட்டில் சவ்வு குலைந்து, குமிழியில் பூட்டி வைத்திருந்த நிறம் வெளியே ஓடிவிடுகிறது. சங்குப்பூவின் நீலமும் செம்பருத்தியின் சிவப்பும் ரியோ இலையின் ஊதாவும் இருப்பது அந்த நீரில்தான்.

பூண்டு இன்னும் வியப்பு. உரிக்காத பூண்டை மூக்கருகே வைத்தால் பெரிதாக வாடை இல்லை. நசுக்கினால் தெருமுனை வரை மணக்கும். வாடைக்கான மூலப்பொருள் சைட்டோபிளாசத்தில் இருக்கிறது. அதை வாடையாக மாற்றும் நொதி குமிழிக்குள் இருக்கிறது. இரண்டையும் பிரித்து நிற்பது ஒரு சவ்வு. பூச்சி கடித்தாலோ உலக்கை விழுந்தாலோ சவ்வு கிழியும், இரண்டும் கலக்கும், காரம் பிறக்கும். வெங்காயம் நம்மை அழவைப்பதும் இதே வழியில்தான். பூண்டுக்கு அது படைக்கலம். நமக்கு அது ரசம்.

எலுமிச்சையைப் பாருங்கள். சாற்றுப் பைகளிலுள்ள குமிழியின் புளிப்பு பி.ஹெச். கணக்கில் சுமார் 2. அதைச் சுற்றியுள்ள சைட்டோபிளாசம் சுமார் 7. அளவுகோலில் ஒவ்வொரு படியும் பத்து மடங்கு என்பதால், அந்தச் சவ்வின் இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்கும் அமிலத்தில் லட்சம் மடங்கு வித்தியாசம். சவ்வில் பதிந்திருக்கும் பம்புகள் ஆற்றலைச் செலவழித்து அமிலத்தை உள்ளே தள்ளிக்கொண்டே இருக்கின்றன. அந்த அமிலம் வெளியே கசிந்தால் செல் செத்துப்போகும்.

எனக்கு எங்கள் வீட்டுப் பத்தாயம் நினைவுக்கு வரும். கூடத்தில் பாதியை அடைத்துக்கொண்டு நிற்கும் மரப் பத்தாயம். மேலே கொட்டுவார்கள், அடியில் உள்ள சின்னக் கதவைத் திறந்து தேவைக்கு மட்டும் அப்பாயி எடுப்பார். வெளியிலிருந்து பார்த்தால் இடத்தை அடைக்கும் பெட்டி. ஆனால் ஐப்பசி அடைமழையில் வீடு பசியில்லாமல் இருந்தது அந்தப் பெட்டியால்தான்.

மூன்றாம் ஆண்டு நூலகத்தில் பழைய தாவரவியல் புத்தகம் ஒன்றைப் புரட்டியபோது என் பழைய வழக்குக்குத் தீர்ப்பு கிடைத்தது. பெஞ்சமின் ஹெய்ன் என்ற ஜெர்மானியர். மொராவியன் சமயப் பணியாளராகத் தரங்கம்பாடிக்கு வந்தவர். பிறகு கிழக்கிந்தியக் கம்பெனியில் தாவரவியலாளராக வேலை பார்த்தவர். 1819-ல் சென்னையில் காலமானவர். அவர் ரணகள்ளி இலையைக் கடித்துப் பார்த்திருக்கிறார். காலையில் நல்ல புளிப்பு. பகல் ஏற ஏறப் புளிப்புக் குறைந்து, நடுப்பகலில் சுவையே இல்லை. இந்தியாவில் கண்ட இதை லண்டனிலிருந்த லாம்பெர்ட் என்பவருக்குக் கடிதமாக எழுதினார். 1815-ல் லின்னேயன் சங்கத்தின் வெளியீட்டில் அது அச்சாயிற்று.

அந்தப் பக்கத்தின்மீது கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். எங்கள் ஊரிலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருக்கும் கடற்கரையில் வந்து இறங்கிய ஒருவர், நான் கடித்த அதே செடியின் இலையைக் கடித்திருக்கிறார். அவர் செய்து நாங்கள் செய்யாதது ஒன்றே: ஒரே ஆள் காலையிலும் பகலிலும் கடித்துப் பார்த்தார்.

காரணம் அதற்குப் பிறகு நூறாண்டுக்கு மேலான உழைப்பில்தான் துலங்கியது. மடகாஸ்கரிலிருந்து வந்த அந்தச் செடிக்கு வறட்சி பழக்கம். பகலில் இலைத்துளைகளைத் திறந்தால் உள்ளே இருக்கும் நீர் ஆவியாகிவிடும். அதனால் பகலில் மூடிக்கொண்டு, இரவின் குளிர்ச்சியில் திறந்து கார்பன் டை ஆக்சைடை வாங்குகிறது. இரவில் வெயில் இல்லாததால் அதைச் சர்க்கரையாக்க முடியாது. மாலிக் அமிலமாக மாற்றிக் குமிழிக்குள் போட்டு வைக்கிறது. விடியும்போது பத்தாயம் நிறைந்திருக்கும். அந்த நேரத்தில்தான் நான் கடித்தேன். வெயில் ஏறியதும் அடிக்கதவைத் திறந்து கொஞ்சம் கொஞ்சமாக அமிலத்தை எடுத்து, அதிலிருந்து கார்பன் டை ஆக்சைடைப் பிரித்துச் சர்க்கரை செய்கிறது. உச்சிவேளையில் பத்தாயம் காலி. அப்போதுதான் அண்ணன் கடித்தார். கள்ளியும் கற்றாழையும் அன்னாசியும் இதே வழியில் பிழைக்கின்றன. உத்தரத்தில் தொங்கிய இலை குட்டி போட்டதும் தன் குமிழிகளில் தேக்கிய நீரைக் கொடுத்துத்தான்.

1988-ல் என் தோழியின் குடும்பம் ஊர் திரும்ப முடிவெடுத்தது. தேர்வுக்கு முன்பே போக வேண்டியதாயிற்று. புறப்படும் முன் தன் ரெக்கார்டு நோட்டை என்னிடம் தந்தாள். “கடலில போகேக்க நனைஞ்சு போயிடும். உன்னட்ட இருக்கட்டும்” என்றாள். வாங்க வருவாள் என்று வைத்திருந்தேன். அவளிடமிருந்து ஒரு கடிதம் வந்தது, பிறகு வரவில்லை. அந்த நோட்டு இன்னும் என் அலமாரியில் இருக்கிறது. கலச்சுவருக்கும் கருவுக்கும் அடுத்தபடியாக, நடுவில் அவள் கையெழுத்தில் அந்தச் சொல்.

ஆசிரியராகி முதலில் போனது வேதாரண்யம் பக்கம். உப்பளத்து வரப்புகளில் உமரி சிவந்து படர்ந்திருக்கும். அதன் குண்டு இலையை நசுக்கி நாக்கில் வைத்தால் உப்புக் கரிக்கும். நெல்லைக் கருக்கிவிடும் அந்த மண்ணில் உமரி எப்படி வாழ்கிறது என்று பிள்ளைகளிடம் கேட்டேன். “உப்பைத் தின்னுட்டு வாழுது டீச்சர்” என்றான் ஒருவன். ஏறக்குறைய அதுதான். வேர்வழி வரும் சோடியத்தைச் சைட்டோபிளாசத்தில் தங்கவிடாமல் குமிழிக்குள் தள்ளிப் பூட்டிவிடுகிறது. பூட்டிய உப்பே வெளியிலிருந்து தண்ணீரை இழுத்துக் கொடுக்கிறது. கொல்ல வந்ததை வைத்துக் குடிநீர் தேடிக்கொள்ளும் செடி அது.

அந்தப் பள்ளியில் வைக்கோல் ஊறிய நீரில் பிள்ளைகளுக்குப் பாரமீசியம் காட்டினேன். அதற்குள் ஒரு நட்சத்திரம் விரியும், சட்டென்று மறையும், மறுபடி விரியும். 1776-லேயே இத்தாலியரான ஸ்பல்லன்சானி அதைக் கண்டு மூச்சுவிடும் உறுப்பு என்று நினைத்தார். உண்மையில் அது சுருங்கும் நுண்குமிழி. நல்ல நீரில் வாழும் அந்த ஒற்றைச் செல்லுக்குள் இடைவிடாமல் நீர் புகுகிறது. வெடித்துப்போகாமல் இருக்க அதை வெளியே இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். செடியில் நீரைத் தேக்குவது எதுவோ, இங்கே அதே பெயரில் நீரை இறைக்கிறது.

இத்தனை பார்த்தும், பாடம் நடத்தும்போது பல ஆண்டுகள் நானே ஒரு தவறு செய்தேன். “நுண்குமிழி, இரண்டு மதிப்பெண் கேள்வி. சேமிப்பு, கழிவு, விறைப்பு. மூன்று வரி எழுதினால் போதும்” என்று சொல்லிவிட்டு உட்கருவுக்குப் போய்விடுவேன். பாடத்திட்டம் முடிய வேண்டுமே என்ற அவசரம்.

2016 அக்டோபரில் மருத்துவத்துக்கான நோபல் பரிசு ஜப்பானின் யோஷினோரி ஓசுமிக்கு அறிவிக்கப்பட்டபோது அந்த மூன்று வரி என்னைக் குத்தியது. 1988-ல், 43 வயதில், டோக்கியோ பல்கலைக்கழகத்தில் தனியாக ஆய்வகம் தொடங்கியவர் அவர். ஈஸ்ட் செல்லின் நுண்குமிழியை எடுத்துக்கொண்டார். செல்லின் குப்பைத்தொட்டி என்று கருதி அதிகம் பேர் கவனிக்காத இடம் என்பதாலேயே அதைத் தேர்ந்ததாகச் சொல்லியிருக்கிறார். சிதைக்கும் நொதிகள் இல்லாத ஈஸ்ட்டைப் பட்டினி போட்டு, மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். சில மணி நேரத்தில் வெறுமையாகத் தெரிந்த குமிழிக்குள் சின்னஞ்சிறு உருண்டைகள் நிறைந்து துள்ளிக்கொண்டிருந்தன.

பசித்த செல் தன்னுடைய பாகங்களையே பொட்டலம் கட்டிக் குமிழிக்கு அனுப்புகிறது. அங்கே அவை உடைந்து, மூலப்பொருளாகத் திரும்பி வந்து, புதியவற்றைக் கட்டுகின்றன. நொதிகள் இல்லாததால் பொட்டலங்கள் உடையாமல் தேங்கி, கண்ணுக்குத் தெரிந்தன. 1993-ல் இந்த வேலைக்குத் தேவையான 15 மரபணுக்களை அவர் குழு அடையாளம் காட்டியது. தன்னையே உண்ணுதல் என்ற பொருளில் அதற்கு ஆட்டோஃபேஜி என்று பெயர். நம் உடலின் செல்களிலும் இது நடக்கிறது. அங்கே குமிழியின் வேலையை லைசோசோம் செய்கிறது.

அடுத்த நாள் வகுப்பில் கரும்பலகை முழுவதும் ஒரே ஒரு செல் வரைந்தேன். நடுவில் இருந்த பெரிய இடத்தை வெள்ளையாக விடவில்லை. நீர், சர்க்கரை, புளிப்பு, நிறம், உப்பு, நஞ்சு என்று பிள்ளைகளையே வந்து எழுதச் சொன்னேன். எழுத இடம் போதவில்லை. மேலே நுண்குமிழி என்றும், அடியில் புன்வெற்றிடம் என்றும் இரண்டு பெயரையும் எழுதினேன். வெற்றிடம் என்று யாராவது எதையாவது காட்டினால், அதை எந்த நேரத்தில் பார்த்தீர்கள் என்று கேளுங்கள் என்று அன்று சொன்னேன். இன்றும் ஒவ்வொரு வகுப்புக்கும் சொல்கிறேன்.

சென்ற தையில் சித்தப்பாவின் திதிக்கு அண்ணன் ஊருக்கு வந்திருந்தார். தலை முழுக்க நரைத்துவிட்டது. அப்பாயி இல்லை, பத்தாயமும் இல்லை, கிணற்றடியில் அந்தப் புதர் மட்டும் மண்டியிருந்தது. விடியற்காலை அவரை எழுப்பி, ஒரு இலையைக் கழுவி, நகத்தளவு கிள்ளிக் கொடுத்தேன். “மென்னுட்டுத் துப்பிடுங்க” என்றேன். மென்றார். முகம் சுளித்தது.

“அட, புளிக்குது பாப்பா.”

எனக்குத் தொண்டை அடைத்தது. பகல் சாப்பாட்டுக்கு இலை போடும் முன், உச்சிவெயிலில் நான் மட்டும் கிணற்றடிக்குப் போனேன். இத்தனை வருடத்தில் அந்த நேரத்து இலையை நான் ஒருமுறைகூடக் கடித்ததில்லை என்று அப்போதுதான் நினைவு வந்தது. அதே செடியில் ஒரு துணுக்கைக் கிள்ளி மென்றேன். தண்ணீர் போல் இருந்தது.

உள்ளே வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். “நீங்க சொன்னதும் சரிதாண்ணே” என்றேன்.